புகார் சொல்ல ஓர் இடம்: அமெரிக்கக் கல்லூரித் தரச்சான்றின் கதை

அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமைப்பு எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற பட்டியல். படித்து முடித்தவர்களின் நிலை, பாடத்திட்டம், ஆசிரியர்கள், கட்டடமும் கருவிகளும், பண நிலைமை, மாணவர் சேர்க்கும் முறை, விளம்பரம் என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையில் கிட்டத்தட்டக் கடைசியில், அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி வருகிறது: மாணவர்கள் கொடுத்த புகார்களின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

இதுல என்ன பெரிய விஷயம், புகார் வந்தா பார்க்கத்தானே வேணும் என்று தோன்றும். ஆனால் தேதிகளைப் பாருங்கள். கல்லூரிகள் ஒன்று கூடித் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்ட கதை 1885-ல் நியூ இங்கிலாந்தில் தொடங்குகிறது. மாணவர் புகார் பற்றிய அந்த வரி சட்டத்துக்குள் வந்தது 1992-ல். நடுவில் நூற்றேழு வருஷம். இந்த இடைவெளியில் என்ன நடந்தது, அந்த வரி வந்த பிறகாவது ஏதாவது மாறியதா என்று தேடிப் படித்தபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் குழம்பிவிடும். ஒரு கல்லூரிக்கோ படிப்புக்கோ "இது தரமானது" என்று ஓர் அமைப்பு கொடுப்பதை இங்கே தரச்சான்று என்கிறேன். அந்த அமைப்பையே "இவர்கள் சொன்னால் நம்பலாம்" என்று அமெரிக்க மத்திய அரசு ஏற்றுக்கொள்வதை அங்கீகாரம் என்கிறேன். நம் ஊரில் நாக், என்.பி.ஏ. இரண்டும் அரசு உருவாக்கிய அமைப்புகள். அமெரிக்காவில் தரச்சான்று கொடுப்பவை தனியார் சங்கங்கள். அரசு அவற்றின் தலைக்கு மேல் இருந்து அங்கீகாரம் மட்டும் கொடுக்கிறது. மொத்தக் கதையும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சங்கம் யாருக்காக?

1885-ல் நியூ இங்கிலாந்து, 1887-ல் மத்திய மாநிலங்கள், 1895-ல் வடமத்தியப் பகுதியும் தெற்கும். இந்தச் சங்கங்கள் பிறந்தபோது அவற்றின் தலைவலி வேறு. எது உயர்நிலைப் பள்ளி, எது கல்லூரி என்பதே தெளிவாக இல்லாத காலம். ஒரு கல்லூரி லத்தீன் கேட்கும், இன்னொன்று கேட்காது. பள்ளித் தலைமையாசிரியர்களும் கல்லூரித் தலைவர்களும் உட்கார்ந்து, யாரைச் சேர்த்துக்கொள்வது, எதைத் தகுதி என்று வைப்பது என்று பேசி முடிவெடுக்க ஒரு மேடை தேவைப்பட்டது. அதுதான் சங்கம். 1913-ல் வடமத்தியச் சங்கம் தரச்சான்று பெற்ற கல்லூரிகளின் முதல் பட்டியலை வெளியிட்டது.

இந்த அமைப்பில் மாணவர் எங்கே இருக்கிறார்? எங்கேயும் இல்லை. அதற்குக் கெட்ட எண்ணம் காரணமில்லை. அரிசி ஆலைக்காரர்கள் சங்கம் வைத்தால், அரிசி வாங்குபவருக்கு அதில் நாற்காலி போட மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி. சங்கத்தில் உறுப்பினர் கல்லூரி, சந்தா கட்டுவது கல்லூரி, ஆய்வுக்குப் போகிறவர்கள் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர்கள். தவறு நடந்தால் சக கல்லூரிக்காரர்கள் எடுத்துச் சொல்வார்கள், அவர்களும் திருத்திக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை.

பேர் சொல்லி எழுதியவரும், எழுதியதை மூடிவைத்தவரும்

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆரம்பத்திலேயே இரண்டு பாடங்கள் கிடைத்துவிட்டன.

ஒன்று 1910. கார்னெகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்தார். அவர் டாக்டர் இல்லை, லூயிவில் ஊரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். மருத்துவச் சங்கம் ஏற்கெனவே கல்லூரிகளை ஆராய்ந்து வைத்திருந்தது. ஆனால் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரைப் பொதுவில் குறை சொல்வது தொழில் தர்மம் இல்லை என்ற சங்கடத்தில், அதை வெளியே விடவில்லை. வெளி ஆளான ஃப்ளெக்ஸ்னருக்கு அந்தச் சங்கடம் இல்லை. கல்லூரிப் பெயர் போட்டு, ஆய்வகம் இருக்கிறதா, பிணவறை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எழுதினார். நாடே பேசியது, பல கல்லூரிகள் மூடின, சில வேறு கல்லூரிகளோடு சேர்ந்தன.

ஆனால் அந்த அறிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அப்போது கறுப்பினத்தவருக்கு ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. ஹாவர்ட், மெஹாரி இரண்டை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று ஃப்ளெக்ஸ்னர் எழுதினார். 1923-க்குள் மற்ற ஐந்தும் மூடிவிட்டன. அந்தக் கல்லூரிகளில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் அவை மூடினால் தெற்கு மாநிலங்களில் கறுப்பின நோயாளிகளுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள் என்று அந்த மக்களைக் கேட்க எந்த ஏற்பாடும் இல்லை. பொதுமக்கள் கருத்து என்ற ஒன்று நடைமுறையிலேயே இல்லாதபோது ஆகும் சேதத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது பாடம் 1911-ல் தொடங்குகிறது. அமெரிக்க அரசின் கல்விப் பிரிவில் கெண்ட்ரிக் பாப்காக் என்ற அதிகாரி 344 கல்லூரிகளை நான்கு வகுப்பாகப் பிரித்துப் பட்டியல் போட்டார். முதல் வகுப்பில் இருக்கும் கல்லூரியில் பட்டம் வாங்கியவர் சாதாரணமாக ஒரே வருடத்தில் முதுகலை முடித்துவிடலாம். கடைசி வகுப்பு என்றால் அந்தப் பட்டம் ஏறக்குறைய இரண்டு வருடப் படிப்பு குறைவு. பட்டியல் அதிகாரபூர்வமாக வெளிவரும் முன்பே பத்திரிகைக்குக் கசிந்தது. அவ்வளவுதான், கீழ் வகுப்பில் விழுந்த கல்லூரிகள் வெகுண்டெழுந்தன. புகார் நேராக வெள்ளை மாளிகைக்குப் போனது. பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்த குடியரசுத் தலைவர் டாஃப்ட், பட்டியலை வெளியிடக் கூடாது என்று ஆணையிட்டார். அடுத்து வந்த உட்ரோ வில்சன் ஒரு காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். அவரும் ஆணையை நீக்கவில்லை.

ஆக, புகாருக்குக் காது கொடுக்கும் வழக்கம் அமெரிக்க உயர்கல்வியில் அப்போதே இருந்தது. யார் கொடுத்த புகார் என்பதுதான் கேள்வி. கல்லூரித் தலைவர்கள் கொடுத்தால் குடியரசுத் தலைவர் வரை கேட்கும். எந்தக் கல்லூரியில் காசு கட்டலாம் என்று தெரியாமல் நிற்கும் பையனுக்கு அந்தப் பட்டியலே கிடைக்காது. அரசு இந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கியதால், தனியார் சங்கங்களுக்குக் களம் முழுசாக விடப்பட்டது.

பணம் உள்ளே வந்தபோது

1944 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. போரிலிருந்து திரும்பியவர்களில் 78 லட்சம் பேர் அந்தச் சட்டத்தின் உதவியோடு படித்தார்கள் அல்லது தொழில் பழகினார்கள். அதில் கல்லூரிக்குப் போனவர்கள் 22 லட்சம். மீதிப் பேர் தொழிற்பள்ளி, பணியிடப் பயிற்சி, விவசாயப் பயிற்சி என்று போனவர்கள். கட்டணத்தை அரசு கட்டியது.

அரசுப் பணம் வருகிறது என்று தெரிந்தால் என்ன நடக்கும்? ரேடியோ ரிப்பேர், தையல், மோட்டார் மெக்கானிக் என்று ஊருக்கு ஊர் தனியார் தொழிற்பள்ளிகள் முளைத்தன. நல்ல பள்ளிகளும் இருந்தன. ஆனால் வராத மாணவருக்கு வருகை போட்டு அரசிடம் பில் அனுப்பியவர்கள், கருவிப்பெட்டிக்கு இஷ்டத்துக்கு விலை போட்டவர்கள், வேலையே கிடைக்காத தொழிலுக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் சேர்த்தவர்கள் என்று ஒரு பட்டாளமும் கிளம்பியது. டெக்சஸ் உறுப்பினர் ஓலின் டீக் தலைமையில் கீழவைக் குழு 1950-களின் தொடக்கத்தில் இதையெல்லாம் விசாரித்தது. டீக் தானே போரில் படுகாயம் அடைந்த வீரர்.

விசாரணையின் முடிவில் வந்த 1952 சட்டம்தான் என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியத் திருப்பம். கொரியப் போர் வீரர்களுக்கான அந்தச் சட்டம், நம்பத்தக்க தரச்சான்று அமைப்புகளின் பட்டியலைக் கல்வி ஆணையர் வெளியிட வேண்டும் என்றது. கல்லூரிகளை அரசே தரம் பிரிக்க முடியாது, பாப்காக் கதை ஞாபகம் இருக்கிறது. மோசடியையும் தடுக்க வேண்டும். அப்படியானால் ஏற்கெனவே இருக்கும் சங்கங்களையே வாசல் காவலாக வைத்துவிடலாம் என்று முடிவானது. 1965-ல் ஜான்சன் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டம் இதே வழியைக் கல்விக் கடனுக்கும் உதவித்தொகைக்கும் விரித்தது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கல்லூரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்த சங்கம், ஒரே நாளில் அரசு கஜானாவின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது. ஆனால் சங்கத்தின் சுபாவம் மாறவில்லை. சந்தா அதே கல்லூரிகளிடமிருந்து, ஆய்வாளர்கள் அதே கல்லூரிகளிலிருந்து.

நீதிமன்றம் யாருக்குக் கதவு திறந்தது

சாவி கைமாறிய பிறகு, தரச்சான்று போனால் கல்லூரிக்கு வாழ்வா சாவா என்றாகிவிட்டது. உடனே வழக்குகள் வந்தன.

அயோவா மாநிலம் ஃபேர்ஃபீல்டில் பார்சன்ஸ் என்று ஒரு கல்லூரி. மற்ற கல்லூரிகளில் தோற்றவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு மளமளவென்று வளர்ந்தது. 1966-ல் லைஃப் பத்திரிகை அதன் தலைவரைப் பற்றிக் கிண்டலாக ஒரு கட்டுரை போட்டது. 1967-ல் வடமத்தியச் சங்கம் தரச்சான்றைப் பறித்தது. கல்லூரி நீதிமன்றம் போய்த் தோற்றது. 1973-ல் மூடியே போனது. நம்மவர்களுக்கு ஒரு துணுக்கு: அந்த வளாகத்தை அடுத்த வருடம் வாங்கியது மகரிஷி மகேஷ் யோகியின் பல்கலைக்கழகம்.

இன்னொன்று வாஷிங்டனில் இருந்த மார்ஜரி வெப்ஸ்டர் என்ற பெண்கள் கல்லூரி. லாப நோக்கில் நடக்கும் கல்லூரி என்ற ஒரே காரணத்துக்காக அதை ஆய்வு செய்யவே மத்திய மாநிலங்கள் சங்கம் மறுத்தது. 1969-ல் கீழ் நீதிமன்றத்தில் கல்லூரி ஜெயித்தது. 1970-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது.

இரண்டு வழக்கிலும் கல்லூரிதான் தோற்றது. ஆனாலும் இந்த மாதிரி வழக்குகள் மூலம் கல்லூரிகளுக்கென்று ஒரு நடைமுறை உறுதியாகிக்கொண்டே வந்தது. முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும். எல்லாம் நியாயமானவைதான். பார்சன்ஸில் காசு கட்டிப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களின் கையில் மட்டும் அப்படி ஒரு காகிதமும் இல்லை. அவர்கள் வழக்கில் ஒரு தரப்பே இல்லை.

1970-களின் அரசு விதிகள், புகாரை விசாரிக்க எழுத்துமூலமான நடைமுறை வைத்திருங்கள் என்று தரச்சான்று அமைப்புகளிடம் கேட்கத் தொடங்கின. விதியில் இருந்தது என்பது வேறு, அதற்குப் பல் இருந்தது என்பது வேறு.

1992-ன் அந்த ஒரு வரி

பல் முளைக்கக் காரணம் மறுபடியும் பணம்தான். 1980-களில் கல்விக் கடன் வாங்கித் தொழிற்பள்ளிகளில் சேர்ந்தவர்கள் கடன் கட்ட முடியாமல் நின்றார்கள். 1990 நிதியாண்டில் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டியவர்களில் 22.4 சதவீதம் பேர் தவணை தவறினார்கள். நான்கில் ஒருவருக்குக் கொஞ்சம்தான் குறைவு. செனட்டர் சாம் நன் தலைமையிலான துணைக்குழு விசாரணை நடத்தி, மத்திய அரசு, மாநில அரசு, தரச்சான்று அமைப்பு ஆகிய மூன்று காவல்களும் கோட்டை விட்டன என்று சொன்னது.

அதன் தொடர்ச்சியாக வந்த 1992 திருத்தத்தில்தான், நான் முதலில் சொன்ன பட்டியலும் மாணவர் புகார் வரியும் சட்டத்தில் ஏறின. அதோடு இன்னொரு ஏற்பாடும் வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மறுஆய்வு அமைப்பு. மாணவர், ஆசிரியர் யார் புகார் கொடுத்தாலும் அது வாங்க வேண்டும். ஒரே கல்லூரி மேல் ஒரே மாதிரிப் புகார்கள் குவிந்தால், அதையே காரணமாக வைத்து ஆய்வுக்குப் போகலாம்.

என்னைக் கேட்டால், இந்த நூற்றாண்டிலேயே மாணவர் புகாருக்கு உருப்படியாக யோசித்த ஏற்பாடு இதுதான். அதனால்தானோ என்னவோ, ரொம்ப நாள் உயிரோடு இல்லை. மாநிலங்கள் மூக்கை நுழைக்கின்றன என்று கல்லூரிகள் எதிர்த்தன. 1994 தேர்தலில் காங்கிரஸ் கைமாறியது. 1995-ல் அதற்கான பணம் நிறுத்தப்பட்டது. 1998-ல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

மிஞ்சியது தரச்சான்று அமைப்பின் புகார் நடைமுறை. இன்றைக்கும் ஏறக்குறைய அதுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, எப்போது வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய புகார். அமைப்பின் தர விதிகளோடு சம்பந்தப்பட்ட புகாராக இருந்தால், காலதாமதம் இல்லாமல் நியாயமாக விசாரிக்க வேண்டும். கல்லூரிக்குப் பதில் சொல்லப் போதுமான வாய்ப்பு கொடுக்காமல் முடிவெடுக்கக் கூடாது. இரண்டாவது, ஒரு கல்லூரியின் தரச்சான்றைப் புதுப்பிக்கும் நேரத்தில் பொதுமக்கள் எழுத்தில் கொடுக்கும் கருத்து. மூன்றாவது, தரச்சான்று அமைப்பின் அங்கீகாரத்தையே அரசு புதுப்பிக்கும் நேரத்தில் கொடுக்கும் கருத்து. இதற்கென்று 18 பேர் கொண்ட ஆலோசனைக் குழு கூடும். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், சில நிமிடம் பேசவும் இடம் உண்டு.

காகிதத்தில் குறையே சொல்ல முடியாது. நடைமுறையில் முதல் வாசல்தான் சிக்கல். "அமைப்பின் தர விதிகளோடு சம்பந்தப்பட்ட" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். எனக்கு மார்க் குறைத்துப் போட்டார்கள், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால், பெரும்பாலும் "தனிப்பட்ட தகராறுகளில் நாங்கள் தலையிடுவதில்லை" என்று பதில் வரும். முதலில் கல்லூரிக்குள்ளேயே எல்லாப் படியும் ஏறிவிட்டு வா என்பார்கள். அமைப்பு மார்க்கை மாற்றாது, பணம் வாங்கித் தராது. கல்லூரி விதியை மீறியதா இல்லையா என்று மட்டும் பார்க்கும்.

நம் ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தவர்களுக்கு இந்த அனுபவம் புரியும். மனுவை வாங்கி, நம்பர் போட்டு, "உரிய நடவடிக்கைக்கு" என்று எந்த ஆபீஸ் மேல் புகாரோ அதே ஆபீஸுக்கு அனுப்பி வைப்பார்கள். அங்கிருந்து ஒரு பதில் வரும். கோப்பு முடிந்தது. தரச்சான்றிலும் புகார் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கல்லூரிக்குப் போகிறது, தனித்தனியாகப் பதில் வருகிறது, தனித்தனியாக மூடப்படுகிறது. நூறு பேர் ஒரே பொய்யைச் சொல்லி ஏமாற்றப்பட்டிருந்தால், அது நூறு சின்னக் கோப்பாகத்தான் தெரியும். யாராவது எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் உருவம் தெரியும்.

கல்லூரிப் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபெயிலானவர் கோபத்தில் எழுதுவதும் உண்டு, போட்டிக் கல்லூரிக்காரர் எழுத வைப்பதும் உண்டு. எல்லாப் புகாரையும் உண்மை என்று எடுத்துக்கொண்டால் ஒரு கல்லூரியும் நடத்த முடியாது. மறுதரப்பைக் கேட்பது அவசியம்தான். கேட்பதோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் என் குறை.

கொரிந்தியனும் ஏசிக்ஸும்

இதன் விலை என்ன என்பது 2015-ல் தெரிந்தது. எவரெஸ்ட், ஹீல்ட், வயோடெக் என்ற பெயர்களில் கல்லூரிகள் நடத்திய கொரிந்தியன் நிறுவனத்தில் ஒரு கட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் மாணவர்கள் படித்தார்கள். படித்தால் வேலை நிச்சயம் என்று காட்டிய கணக்குகள் பொய் என்று 2013-ல் கலிஃபோர்னியா அரசின் சார்பில் அட்டர்னி ஜெனரல் கமலா ஹாரிஸ் வழக்குப் போட்டார். 2015 ஏப்ரல் கடைசியில் மிச்சமிருந்த வளாகங்கள் எல்லாம் ஒரே நாளில் மூடின. சுமார் 16,000 பேர் நடுத்தெருவில் நின்றார்கள். அன்றுவரை அந்த வளாகங்களுக்குத் தரச்சான்று இருந்தது. அதில் பலவற்றுக்குக் கொடுத்தது ஏசிக்ஸ் என்ற அமைப்பு. 1912-ல் வணிகப் பள்ளிகளின் சங்கமாகத் தொடங்கியது.

அடுத்த வருடம் ஏசிக்ஸின் அங்கீகாரம் புதுப்பித்தலுக்கு வந்தது. இங்கேதான் மூன்றாவது வாசல் வேலை செய்தது. பத்துக்கும் மேற்பட்ட மாநில அட்டர்னி ஜெனரல்கள் அங்கீகாரம் தரக் கூடாது என்று எழுதினார்கள். மாணவர் அமைப்புகளும் எழுதின. 2016 ஜூனில் ஆலோசனைக் குழு 10-க்கு 3 என்று அங்கீகாரத்தை ரத்து செய்யப் பரிந்துரைத்தது. செப்டம்பரில் ஏசிக்ஸ் தரச்சான்று பெற்ற இன்னொரு பெரிய நிறுவனமான ஐடிடி டெக் மூடியது. டிசம்பர் 12 அன்று கல்விச் செயலர் ஜான் கிங் ரத்தை உறுதி செய்தார்.

கதை அங்கே முடியவில்லை. ஏசிக்ஸ் வழக்குப் போட்டது. தான் சமர்ப்பித்த 36,000 பக்க ஆவணங்களைக் கல்வித்துறை பார்க்காமலே முடிவெடுத்தது என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2018 மார்ச்சில் நீதிபதி அதை ஏற்று, மறுபடியும் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. புதிய செயலர் பெட்சி டிவோஸ் அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2020-ல் யுஎஸ்ஏ டுடே நிருபர்கள் தெற்கு டகோடாவில் ஏசிக்ஸ் தரச்சான்று பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தைத் தேடிப் போனால், அங்கே மாணவரும் இல்லை ஆசிரியரும் இல்லை. 2021-ல் ஆலோசனைக் குழு 11-க்கு 1 என்று மறுபடியும் ரத்துக்குப் பரிந்துரைத்தது. 2022 ஆகஸ்ட் 19 அன்று இறுதியாக ரத்தானது.

கொஞ்சம் நின்று பாருங்கள். கல்லூரிக்கும் அமைப்புக்கும் உள்ள நடைமுறை உரிமை ஒவ்வொரு படியிலும் வேலை செய்தது. பதில் சொல்ல வாய்ப்பு, மேல்முறையீடு, நீதிமன்றம், மறுபரிசீலனை. ஆறு வருஷம். 36,000 பக்கத்தைப் படிக்கவில்லை என்றால் ஒரு நீதிபதி கேட்க முடிகிறது. ஒரு மாணவியின் இரண்டு பக்கப் புகாரைப் படிக்கவில்லை என்றால் கேட்க ஆள் இல்லை.

மாணவர்களுக்கு நியாயம் கிடைத்தது வேறு பாதையில். கொரிந்தியன் மாணவர்கள் 15 பேர் 2015 பிப்ரவரியில் "கடனைக் கட்ட மாட்டோம்" என்று அறிவித்தார்கள். ஏமாற்றிய கல்லூரியில் படித்தவர் கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று 1990-களிலிருந்தே சட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிரிவை எழுப்பினார்கள். 2022 ஜூனில் 5,60,000 கொரிந்தியன் மாணவர்களின் 580 கோடி டாலர் கடனை அரசு தள்ளுபடி செய்தது. அந்தப் பணம் அமெரிக்க மக்களின் வரிப்பணம். புகாரை முதலிலேயே அடுக்கிப் பார்த்திருந்தால் அதில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்?

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

ஏசிக்ஸ் கதையில் இந்திய மாணவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அறிவியல், பொறியியல் படித்த வெளிநாட்டு மாணவர்கள் பட்டம் வாங்கியபின் ஒரு வருடம் வேலை பார்க்கலாம், அதன்மேல் 24 மாதம் நீட்டிப்பும் கேட்கலாம். நீட்டிப்புக்கு, அரசு அங்கீகரித்த அமைப்பிடம் தரச்சான்று பெற்ற கல்லூரியின் பட்டம் வேண்டும். 2016 டிசம்பரில் ஏசிக்ஸ் அங்கீகாரம் போனபோது, அமெரிக்க மாணவர்களின் உதவித்தொகைக்காகக் கல்லூரிகள் வேறு அமைப்பைத் தேடிக்கொள்ள 18 மாத அவகாசம் கிடைத்தது. இந்த நீட்டிப்பு கேட்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை, பாதிப்பு உடனடி. வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் "அக்ரெடிட்டட் காலேஜ்தானே?" என்று கேட்டுவிட்டுத் திருப்தி ஆகிவிடுகிறார்கள். யார் கொடுத்த தரச்சான்று, கொடுத்தவரின் அங்கீகாரம் எப்போது புதுப்பித்தலுக்கு வருகிறது, அவர்மேல் என்ன கருத்துகள் வந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தரச்சான்று அமைப்புகள் பற்றிய அந்த ஆலோசனைக் குழுவின் கூட்டப் பதிவுகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன.

இந்தியாவில் நாக் 2017-ல் தன் முறையை மாற்றியபோது மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. யுஜிசியின் 2023 விதிகள் மாணவர் குறைதீர்ப்புக் குழுவும் அதற்கு மேல் ஒரு குறைதீர்ப்பாளரும் வேண்டும் என்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அமெரிக்கக் கதையை வைத்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி, புகார் வாங்க ஆள் இருக்கிறாரா என்பதோடு நிற்கக் கூடாது. மூடிய புகார்களை எல்லாம் யார் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறார்கள்? அடுத்த ஆய்வுக் குழு கல்லூரிக்குள் நுழையும்போது அந்த அடுக்கு அவர்கள் மேஜையில் இருக்குமா?

அதுவரைக்கும் மாணவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வாயால் சொன்ன புகார் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எழுதிக் கொடுங்கள், தேதி போட்டுப் பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதே பிரச்சினை உள்ள இன்னும் நாலு பேர் இருந்தால், ஐந்து மனுவையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, ஐந்தின் எண்களையும் குறிப்பிட்டு ஆறாவதாக ஒன்று எழுதுங்கள். அடுக்கிப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில், அடுக்கிக் கொடுப்பதையாவது நாம் செய்யலாம்.